தோட்டத்தின் பெயரோடு நகரத்தில் ஒரு பள்ளி

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் நம் நாளிதழ்களில் தவறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டுக்கு எத்தனை பேர் பதிந்தார்கள், சென்ற ஆண்டைவிட எவ்வளவு குறைவு, எந்தப் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் சேர்ந்தது என்ற செய்திதான். அடுத்த வாரம் முழுவதும் கருத்துகள் வரிசை கட்டும். பெற்றோருக்கு மொழிப்பற்று இல்லை என்பார் ஒருவர். ஆசிரியர்கள் வீடு வீடாகப் போகவில்லை என்பார் இன்னொருவர். பிறப்பு விகிதம் சரிந்துவிட்டது என்று மூன்றாமவர் எண்களை அடுக்குவார்.

இவை எதிலும் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சமூகவியல் கற்பிக்கும் எனக்கு இந்தச் செய்தியைப் படித்ததும் வேறொரு கேள்விதான் முதலில் எழும். மாணவர் குறைந்த பள்ளிகளின் பட்டியலில் மிகப் பல பெயர்கள் 'தோட்டம்' என்ற சொல்லோடு வருகின்றனவே, அந்தத் தோட்டங்களில் இப்போது யார் வாழ்கிறார்கள்?

இதற்கு நேரெதிரான காட்சியும் உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் சீபோர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் எடின்பர்க் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ரப்பர் மரத்தைக் கிட்டே போய்ப் பார்த்திருப்பார்கள்? பள்ளியைச் சுற்றி நெடுஞ்சாலை, அடுக்குமாடி, பேரங்காடி. தோட்டம் போய்விட்டது, பெயர் மட்டும் பள்ளிப் பலகையில் தங்கிவிட்டது. ஓரிடத்தில் பள்ளி நிற்கிறது, ஆள் இல்லை. மற்றோர் இடத்தில் பள்ளி நிற்கிறது, தோட்டம் இல்லை. இரண்டும் ஒரே கதையின் இரு முனைகள்.

முதலில் நாட்டின் பெரிய கணக்கைப் பார்ப்போம். 1970இல் மலேசிய மக்களில் 28.4 விழுக்காட்டினர் மட்டுமே நகரவாசிகள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 75.1 விழுக்காடு. ஐம்பதே ஆண்டுகளில் இந்த நாடு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. இந்த எண்ணைத் தேர்வுத்தாளில் எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் 'கிராம மக்கள் நகருக்குக் குடிபெயர்ந்தனர்' என்று ஒரே வரியில் விளக்கிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. நம் புள்ளிவிவரத் துறையின் இலக்கணப்படி, அரசிதழில் அறிவிக்கப்பட்ட பகுதியும் அதை ஒட்டிக் கட்டடங்கள் நெருங்கிய பகுதியும் சேர்ந்து 10,000 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நகர்ப்புறம். ஆகவே ஒரு கம்போங்கில் யாரும் நகராமலே, பக்கத்துத் தாமான் வளர்ந்து வந்து ஒட்டிக்கொண்டதால், அது நகரமாகிவிட முடியும். மக்கள் நகரத்துக்குப் போவது ஒன்று, நகரம் மக்களிடம் வருவது இன்னொன்று. தோட்டத்துக்கு மூன்றாவதாக ஒன்று நடந்தது. நகரம் வந்தது, அங்கிருந்த மக்களை வெளியே போகச் சொன்னது.

தோட்டம் ஒரு கிராமமா?

என் மாணவர்களிடம் ஒருமுறை வீட்டுப்பாடம் கொடுத்தேன். தாத்தா, பாட்டி, அல்லது தோட்டத்தில் வளர்ந்த யாரேனும் ஒரு பெரியவரிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, அவர் வாழ்ந்த தோட்டத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொல்லுங்கள் என்றேன். வந்த படங்கள் வெவ்வேறு மாநிலத்துத் தோட்டங்கள். ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஒரே படம். மேட்டின் மேல் துரையின் பங்களா. சற்றுக் கீழே கிராணி வீடுகள். அதற்கும் கீழே வரிசை வரிசையாக லயங்கள். நடுவே பெரட்டுக் களம், பால் ஸ்டோர், ஆயாக்கொட்டகை, மருந்தகம், கள்ளுக்கடை. ஓரமாகக் கோயிலும் பள்ளியும். ஒரு பாட்டி தன் லய வீட்டைவிட ஆயாக்கொட்டகையைப் பெரிதாக வரைந்திருந்தார். ஆறு பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டுத்தான் பால்மரம் வெட்டப் போனாராம்.

கனடாவில் பிறந்த சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1961இல் வெளிவந்த தம் நூலில் 'முழுமை நிறுவனம்' என்ற கருத்தை முன்வைத்தார். உழைப்பது, உறங்குவது, பொழுதுபோக்குவது எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் இடம் அது. அவர் மனதில் இருந்தவை மனநலக் காப்பகம், சிறை, படைமுகாம் போன்றவை. ஆனால் பிள்ளைகள் கொண்டுவந்த அந்தப் படங்களைப் பாருங்கள். வீடு முதலாளியுடையது. தண்ணீர் அவருடையது. மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அவருடைய ஊழியர். பள்ளியும் அப்படித்தான் வந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நம் பள்ளிகளின் பெயரில் 'தோட்டம்' ஒட்டிக்கொண்டதன் வேர் இங்கே இருக்கிறது.

இந்திய மானுடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1962, 63ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். அந்தத் தோட்டத்தின் உண்மைப் பெயரை மறைத்து 'பால் மெலாயு' என்று எழுதினார். தோட்ட நிர்வாகத்தின் படிநிலையும் தொழிலாளரின் குடும்ப வாழ்க்கையும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை 1970இல் வெளிவந்த அவருடைய நூல் காட்டுகிறது. பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

தோட்டம் கிராமம் போலவே இருந்தது. ஒருவர் வீட்டுக் கல்யாணம் எல்லார் வீட்டுக் கல்யாணம், ஒருவர் வீட்டுச் சாவுக்கு மறுநாள் வேலை பாதி நின்றது. ஆனால் அடியில் ஒன்று இல்லை. நிலம். மலாய்க் கம்போங்கில் ஏழை விவசாயிக்குக்கூட வீட்டடி நிலம் என்று ஏதோ ஒன்று இருந்தது. அவசரகாலத்தில், 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின் கீழ், சீனர்களைக் கட்டாயமாகக் குடியமர்த்திய புதுக்கிராமங்களில்கூடப் பின்னர் பலருக்குக் குத்தகைப் பட்டா கிடைத்தது. லயத்துக்காரருக்கு வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போனது. இந்த ஒற்றை வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பிறகு நடந்தவற்றில் பாதி தானாகவே விளங்கும்.

ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு

தோட்டச் சமூகம் ஒரே நாளில் கலையவில்லை. 1950களின் பிற்பகுதியில் வெளிநாட்டு முதலாளிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது முதல் அடி விழுந்தது. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி என்று சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அடுத்து, 1969க்குப் பின், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. பல்லாயிரம் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும் உரிய பத்திரம் இல்லாதவர்கள் அவர்களிலும் இருந்தார்கள்.

இவை அரசியல் வரலாற்றில் எழுதப்பட்டுவிட்டன. அவ்வளவாகப் பேசப்படாத மாற்றம் மரத்தில் நடந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் ஒரு கிராமம் எப்படிக் காலியாகிறது என்பதன் இயந்திரம் இங்கேதான் இருக்கிறது. பால்மரம் வெட்டும் ஒருவருக்கு ஒரு நாள் நிரை ஏறக்குறைய 500 முதல் 600 மரங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறையில் ஒருவருக்கு இரண்டு நிரை. ஒரு ஹெக்டரில் சுமார் 400 மரம் என்று வைத்தால், ஒரு தொழிலாளி இரண்டரை, மூன்று ஹெக்டரைக் கவனித்துக்கொள்கிறார். ஆக 1,000 ஹெக்டர் ரப்பர் தோட்டத்துக்கு முந்நூறுக்கு மேல் வெட்டுக்காரர்கள் வேண்டும். செம்பனையில் களையெடுப்பு, உரம், அறுவடை எல்லாம் சேர்த்தாலும் எட்டு முதல் பத்து ஹெக்டருக்கு ஓர் ஆள் போதும். அதே 1,000 ஹெக்டருக்கு நூறு, நூற்றிருபது பேர்.

முந்நூறு எப்படி நூறானது என்பது மட்டும் விஷயமில்லை. எந்த முந்நூறு, எந்த நூறு என்பதுதான் விஷயம். ரப்பர் குடும்ப வேலை. கணவனும் மனைவியும் தனித்தனி நிரையில் வெட்டுவார்கள். பெண்ணின் கூலியும் ஆணின் கூலியும் பால் எடையைப் பொறுத்தது. மூத்த பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து ஒட்டுப்பால் உரிக்க உதவுவார்கள். குடும்பமாக இருப்பவர்களைத்தான் நிர்வாகமும் விரும்பியது, ஏனென்றால் ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று கைகள் கிடைத்தன. அதனால் லயத்தில் பிள்ளைகள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்ததால் ஆயாக்கொட்டகையும் பள்ளியும் இருந்தன. செம்பனையில் நீண்ட கோலும் அரிவாளுமாகக் குலை வெட்டும் கனத்த வேலை ஆண்களுக்குப் போனது. பெண்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குவதும் உரம் போடுவதும் பூச்சிமருந்து தெளிப்பதும் மிஞ்சின. கூலியில் பெண்ணின் பங்கு சுருங்கியது. குடும்பமாக ஆள் வைத்துக்கொள்ள வேண்டிய தேவை நிர்வாகத்துக்கு இல்லாமல் போனது.

அதாவது, தோட்டப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை குறையத் தொடங்கியது பெற்றோரின் மொழிப்பற்றில் அல்ல, ஒரு ஹெக்டருக்கு எத்தனை கைகள் தேவை என்ற கணக்கில். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். இடையில் மூடிய பள்ளிகளின் வரைபடத்தையும் ரப்பர் அழிந்த நிலத்தின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆய்வை உங்களில் யாராவது செய்தால் நான் மகிழ்ச்சியோடு படிப்பேன்.

பெரும்போர்த் தோட்டம்

முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் சிலாங்கூரில் ஒரு தோட்டம் தொடங்கினார்கள். அதன் பெயர் பிராங் பெசார். மலாயில் 'பெரும்போர்' என்று பொருள். ரப்பர் உலகில் இந்தத் தோட்டம் சாதாரணமானது அல்ல. இங்கே உருவாக்கிய மரவகைகள் தோட்டத்தின் முதலெழுத்துகளைச் சுமந்து பிபி 86, பிபி 260 என்று பல நாடுகளுக்குப் போயின. பிபி 260 இன்றும் பயிரிடப்படுகிறது.

இந்தத் தோட்டமும் அதை அடுத்திருந்த தோட்டங்களும் இருந்த நிலத்தில்தான் 1990களில் நாட்டின் புதிய நிர்வாகத் தலைநகரம் எழுந்தது. அதுதான் புத்ராஜெயா. 1999இல் பிரதமர் துறை அங்கே இடம் மாறியது. சுமார் 400 தோட்டக் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு இடம் மாறின. அந்த அடுக்குமாடிகளில் விரிசல் விழுந்ததும், தரைவீடு கேட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்ததும் செய்திகளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். சுற்றுலாவுக்குப் போகும்போது ஏரியையும் மசூதியையும் அமைச்சுக் கட்டடங்களையும் படம் எடுக்கிறோம். அந்தச் சாலைகளின் கீழே எத்தனை நிரைகள் கிடக்கின்றன என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

புக்கிட் ஜாலிலும் இதே கதைதான். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகத் தேசிய விளையாட்டரங்கம் கட்டிய வட்டாரம் ரப்பர் தோட்டமாக இருந்தது. உலு சிலாங்கூரில் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். அண்மையில்தான் அவர்களுக்கான வீட்டுத் திட்டம் தொடங்கியது. அந்தக் காத்திருப்பில் சிலர் இறந்தே போனார்கள். இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். நிலம் விற்கப்படும்போது, நிலத்தின் விலை பல மடங்கு ஏறியதில் லயத்துக்காரருக்குச் சட்டப்படிப் பங்கு எதுவும் இல்லை. கிடைத்ததெல்லாம் வேலை நீக்க இழப்பீடு, அதற்கு மேல் போராடிப் பெற்றது. மூன்று தலைமுறை வாழ்ந்த இடம் என்பது வாடகைக் கணக்கில்கூட வராது. தினக்கூலியாக இருந்தவர்களுக்கு நிலையான மாதச் சம்பளம் இல்லாததால் வங்கியில் வீட்டுக்கடனும் எட்டவில்லை. புறம்போக்கு வீடுகள், பிறகு மலிவுவிலை அடுக்குமாடிகள் என்ற வரிசை இப்படித்தான் உருவானது.

கெடாவில் ஒரு நெல் கிராமம்

இது தமிழர்களுக்கு மட்டும் நேர்ந்த தனி விதி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை கெடாவின் மூடா நீர்ப்பாசனப் பகுதியில், எழுபது குடும்பங்களே கொண்ட ஒரு மலாய்க் கிராமத்தில் தங்கினார். 'செடாக்கா' என்று அவரே வைத்த பெயர். 2024இல் அவர் காலமானபோது உலகமெங்கும் நினைவுகூரப்பட்ட நூல்களில் ஒன்று அந்தக் கிராமத்தைப் பற்றியது.

மூடாவில் நீர் வந்தது, ஆண்டுக்கு இருபோகம் விளைந்தது, எல்லாருக்கும் கொஞ்ச காலம் நல்ல காலம். பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. அதுவரை நிலமுடையவருக்கு நடவுக்கும் அறுப்புக்கும் ஏழைகளின் கைகள் வேண்டியிருந்தன. அந்தத் தேவை இருந்தவரை பணக்காரர் விருந்து வைத்தார், முன்பணம் கொடுத்தார், நோன்புக் காலத்தில் நெல் கொடுத்தார். இயந்திரம் வந்த பிறகு கை தேவையில்லை. கை தேவையில்லாதபோது விருந்தும் சுருங்கியது. ஏழைகள் ஊர்வலம் போகவில்லை. பட்டப்பெயர் வைத்தார்கள், முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், இயந்திரம் கொண்டுவந்தவர் வயலில் நடவுக்குப் போகாமல் இருக்கப் பெண்கள் கூடிப் பேசிப் பார்த்தார்கள். இந்தச் சின்னச் சின்ன எதிர்ப்புகளைத்தான் ஸ்காட் எளியோரின் ஆயுதங்கள் என்றார்.

கிராமம் என்பது அன்பால் மட்டும் பிணைந்த கூட்டம் அல்ல. ஒருவருக்கொருவர் தேவைப்பட்டதால் பிணைந்த கூட்டமும்கூட. அந்தத் தேவை அறுந்தால் முகம் மாறும். செடாக்காவில் அறுத்தது இயந்திரம், தோட்டத்தில் அறுத்தது செம்பனை. ஆனால் செடாக்காவின் ஏழைக்கு வீடு மிஞ்சியது. வேலை தேடிப் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ போனாலும் நோன்புப் பெருநாளுக்குத் திரும்பி வர ஒரு முற்றம் இருந்தது. 'பாலிக் கம்போங்' என்று நாட்டு நெடுஞ்சாலைகள் நிரம்பி வழியும் அந்த வாரத்தில் என் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், தீபாவளிக்கு நாங்க எங்க பாலிக் போறது?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நிலம் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? அதற்கும் ஒரு சோதனைக்களம் இருக்கிறது. 1956இல் தொடங்கிய பெல்டா. ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய பத்து ஏக்கர் பயிர்நிலமும் கால் ஏக்கர் வீட்டடியும் கொடுத்து 1,12,635 குடியேறிகளை 317 குடியிருப்புகளில் அமர்த்தினார்கள். 1990க்குப் பிறகு புதியவர்களைச் சேர்க்கவில்லை. நிலத்தைத் துண்டாக்கக் கூடாது என்பது 1960ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே ஐந்து பிள்ளைகள் இருந்தாலும் ஐந்து துண்டாக்கிக் கொடுக்க முடியாது. பிள்ளைகள் படித்தார்கள், போனார்கள். முதல் தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. பல குடியிருப்புகளில் குலை வெட்டுவது இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். நிலம் இளைஞரைக் கட்டிப்போடவில்லை. ஆனால் போனவர்களுக்குப் பின்னால் ஒரு சொத்து இருந்தது, செம்பனை விலை ஏறிய ஆண்டுகளில் அது காசாகவும் வந்தது. படிப்புச் செலவுக்கும் வீட்டு முன்பணத்துக்கும் அந்தக் காசுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே கிராமம் கலைவது வேறு, கலையும்போது கையில் என்ன இருந்தது என்பது வேறு. நம் மேடைப் பேச்சுகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

இழந்தது என்ன, விட்டது என்ன

தோட்டத்தைப் பற்றி எழுதும் பலருக்குக் கண் கலங்கிவிடுகிறது. நானும் அப்படிப்பட்ட கட்டுரைகளை விரும்பிப் படிப்பவன்தான். ஆனால் பெரியவர்களிடம் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்தால் வேறு குரலும் கேட்கும். கிராணியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கியது, மண்டோருக்குப் பிடிக்காத வீட்டுக்கு மேட்டு நிரை ஒதுக்கப்பட்டது, சாதி பார்த்து லயம் பிரிந்தது, கள்ளுக்கடையில் கூலி கரைந்தது. "அந்த வாழ்க்கை என் மகளுக்கு வேண்டாம்" என்று ஒரு தாய் பட்டணத்துத் தொழிற்சாலைக்கு மகளை அனுப்பியதும் இந்த மாற்றத்தின் பகுதிதான். அவர்கள் எல்லாரும் விரட்டப்பட்டவர்கள் அல்லர். பலர் தாங்களாகவே தப்பித்தவர்கள்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் ஃபெர்டினாண்ட் டொன்னீஸ் 1887இல் இரண்டு வகைக் கூட்டுவாழ்வைப் பிரித்துக் காட்டினார். உறவாலும் இடத்தாலும் பிணைந்தது ஒன்று, ஒப்பந்தத்தாலும் நலனாலும் பிணைந்தது மற்றொன்று. பாடநூல்களில் இது 'கிராமத்திலிருந்து நகரத்துக்கு' என்ற ஒரு வழிச் சாலையாகச் சுருங்கிவிடுகிறது. நம் அனுபவம் அப்படி இல்லை. லயம் இடிந்து இருபது ஆண்டு ஆன தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார்கள் வந்து நிற்கும். "நீ எந்த லயம்?" என்றுதான் பேச்சு தொடங்கும். புலனக்குழு வழியாகப் பணம் சேர்த்துத் தேர் இழுக்கிறார்கள். இடம் போன பிறகும் உறவு ஆண்டுக்கு ஒருநாள் கூடுகிறது. அதே நேரம், அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் வேலைக்குப் போகும் தாய்க்கு ஆயாக்கொட்டகையோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அத்தையோ இல்லை. திருவிழா நாள் திரும்பக் கிடைத்தது. மற்ற 364 நாள்களின் கைமாற்று உதவி திரும்பவில்லை. நகர்ப்புறத்தில் நம் இளையர் சிலர் தடம் மாறுவதைப் பேசும்போது இந்த 364 நாள்களைச் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

லயங்கள் எல்லாம் இடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் இன்றும் ஆள் இருக்கிறார்கள். லொம்போக்கிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஆண்கள். அவர்களின் வேலை அனுமதி குடும்பத்தை அழைத்துவர இடம் தருவதில்லை. அவர்களும் விடிகாலையில் வேலைக்குக் கிளம்புகிறார்கள், மாலையில் சமைக்கிறார்கள், இரவில் கைப்பேசித் திரையில் பிள்ளையின் முகம் பார்க்கிறார்கள். வேலை இங்கே, குடும்பம் அங்கே. பிள்ளை வளர்க்கும் செலவும் பொறுப்பும் வேறொரு நாட்டுக் கிராமத்தில், பாட்டி தாத்தாவின் தலையில். தோட்டம் இப்போதும் உற்பத்தி செய்கிறது, ஆனால் அங்கே பிள்ளை பிறப்பதில்லை. பிள்ளை பிறக்காத இடத்தில் எந்த மொழிப்பள்ளி நிலைக்கும்? நம் முன்னோரும் சேலத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் தொடக்கத்தில் இப்படித் தனியாளாகத்தான் பெருமளவில் வந்தார்கள். கங்காணி முறையில் குடும்பங்களும் வரத் தொடங்கிய பிறகே லயத்தில் தாலாட்டுக் கேட்டது. 1938இல் இந்திய அரசு அந்த ஆள் அனுப்பலை நிறுத்தியது. அதற்குள் இங்கே ஒரு சமூகம் வேர்பிடித்துவிட்டது. இன்றைய லயத்துக்காரருக்கு அந்த வாய்ப்பைச் சட்டமே அடைத்துவிட்டது.

இப்போது பள்ளிக்கு வருவோம். மாணவர் குறைந்த தோட்டப்பள்ளியின் உரிமத்தை, நம் மக்கள் நெருக்கமாக வாழும் நகர்ப்புறக் குடியிருப்புக்கு மாற்றுவது பல இடங்களில் நடந்திருக்கிறது. எதிர்ப்பவர்கள் பாரம்பரியம் போகிறது என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பள்ளி பிள்ளைகளுக்காக. மக்கள் போன இடத்துக்குப் பள்ளி போவதுதான் நியாயம், தொட்டிலைத் தூக்கிக்கொண்டு தாய் போவதுபோல. ஆனால் இடமாற்றத்தை ஆதரிப்பவர்கள் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தத் தோட்டத்தில் கடைசியாக மீந்திருக்கும் பன்னிரண்டு பிள்ளைகள், அவர்கள் யார்?

பெரும்பாலும் வெளியேற வழி இல்லாத குடும்பங்களின் பிள்ளைகள். படித்த அண்ணன் இல்லை, பட்டணத்தில் மாமா வீடு இல்லை, மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். சிலரின் பெற்றோருக்குப் பிறப்புப் பத்திரச் சிக்கல்கூட உண்டு. பள்ளி இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த வீட்டின் காலை நேரமும் மாதச் செலவும் மாறிவிடும். பேருந்துக் கட்டணம் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்றால் மூன்று பிள்ளைக்கு எவ்வளவு, குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் அது எத்தனை பங்கு என்று உரிமம் கையெழுத்தாகும் முன் யாராவது கணக்குப் போட வேண்டும். பள்ளி இடமாற்ற விண்ணப்பத்தோடு போக்குவரத்து ஏற்பாட்டையும் எழுத்தில் சேர்க்கக் கேட்பது பெற்றோர் ஆசிரியர் சங்கம் செய்யக்கூடிய காரியம்தான். அந்தச் சங்கக் கூட்டத்தில் உங்களைப் போன்ற ஒரு முன்னாள் மாணவர் எழுந்து, "அந்தப் பன்னிரண்டு பேருக்கு வேன் யார் அனுப்புவது?" என்று கேட்டால், அன்றைய கூட்டக் குறிப்பில் அந்தக் கேள்வி ஏறிவிடும்.